எறும்புக்குப் போட்ட கோடு

ஆலாம்பாளையம் பிரிவில் பஸ் நின்றது, சென்னியப்பன் ஏறவில்லை. பாவாத்தாள் ஜன்னல் கம்பியில் நெற்றி படப் பார்த்தாள். காய்கறிக் கூடையோடு ஒருத்தி ஏறினாள், காலேஜ் பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள், கண்டக்டர் விசில் ஊதினான், வண்டி கிளம்பிவிட்டது. புளியமரத்தடியில் வெள்ளை வேட்டி எதுவும் தெரியவில்லை. அவளுக்கு முன் இருக்கை காலியாக இருந்தது. காய்கறிக்காரி அதில் உட்காரப் போனபோது, "அங்க ஆள் வருது" என்று சொல்ல வாயெடுத்தவள், எந்த ஆள் என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். வேண்டியவரா என்றால் இல்லை. கோர்ட்டுக் காகிதத்தின்படி பரம விரோதி. அவள் வாதி, அவர் பிரதிவாதி. செத்துப்போன அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தனார் முறை. வழக்குப் போட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பேச்சு கிடையாதென்றால் ஒரேயடியாக வாயைத் தைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பேசுவார்கள்; நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கண்டக்டரைப் பார்த்து, "ஏந் தம்பி, சக்கரை இருக்கறவங்க ஜிலேபி தின்னா டாக்டரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?" என்று இவள் கேட்பாள். அவர் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பனைமரங்களிடம், "நாக்குன்னு ஒண்ண ஆண்டவன் எதுக்கு வெச்சானாமா?" என்று பதில் சொல்வார். எத்தனை கண்டக்டர்கள் மாறிவிட்டார்கள்! ஒவ்வொருத்தனும் வந்த புதிதில் முழிப்பான், அப்புறம் பழகிவிடுவான். போன வாய்தாவில் அவர் கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "புண்ணுக்கு வேப்பெண்ணெயெல்லாம் ஆகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்" என்று கையிலிருந்த டிக்கெட்டிடம் சொல்லிவிட்டு வந்தாள். போனாரா? புண் பெரிதாகி விரலை எடுத்துவிட்டார்களா? விரல் போனாலும் நொண்டிக்கொண்டு வந்து பஸ் ஏறுகிற மனிதர்தான். அப்படியானால் ஏன் ஏறவில்லை?

தாராபுரம் கோர்ட்டு வாசலில் புங்கமரம் பூத்துக் கொட்டியிருந்தது. மரத்தடி சிமெண்டு பெஞ்சில் பூவை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெஞ்சின் இந்த முனை அவளுடையது. அந்த முனை அவருடையது. நடுவில் இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் விவரம் தெரிந்த எவரும் உட்கார மாட்டார்கள். டீக்கடை பாய் கேட்காமலே காப்பி கொண்டுவந்து வைத்தார், வைத்துவிட்டு அந்த முனையைப் பார்த்தார், "ஐயா வரலீங்களா?" என்றார். "எனக்கென்ன தெரியும், நானென்ன அவருக்குக் காவலா?" என்று வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகு காப்பி கசந்தது. இல்லை, கசக்கவில்லை, நல்ல காப்பிதான். பாய் கடைக் காப்பிக்காகவே மாதம் ஒரு வாய்தா வாங்கலாம். வாய்தா நாளன்றைக்கு அவளுக்கு ஒரு தனிச் சேலை உண்டு, கத்தரிப்பூ நிறம், பெட்டியில் மடித்து வைத்தது. முதல் நாள் சாயங்காலமே எடுத்துப் படுக்கைக்கடியில் வைத்துவிடுவாள். மற்ற நாளெல்லாம் எருமை, மோட்டார், ஆள் வரவில்லை, கரண்டு வரவில்லை. இந்த ஒருநாள் மட்டும் யாரும் அவளைக் கூப்பிட முடியாது. கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால் ஊரே ஒதுங்கி நிற்கும். மரத்தடியில் உட்கார்ந்து, கறுப்புக் கோட்டுக்காரர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதையும், மாமியாரும் மருமகளும் தனித்தனி வக்கீலோடு வந்து ஒரே தண்ணீர்ப் பாட்டிலில் குடிப்பதையும் பார்த்துக்கொண்டு காலை நீட்டிக்கொண்டால், முழங்கால் வலிகூட எங்கோ போய்விடும். பிறந்த வீட்டுக்குப் போனால்கூட இப்படி இருந்ததில்லை; அங்கே அண்ணன் பெண்டாட்டி இருந்தாள். மடியில் சோற்றுப் போசி சூடாக இருந்தது. கொள்ளுப்பருப்பும் சோறும். எப்போதும்போல இரண்டு பேருக்குக் காணும்படிதான் போட்டிருந்தாள். தான் சாப்பிட்டபின் போசியை பெஞ்சின் நடுவில் தள்ளி வைத்து, "மீந்து போச்சு, நாய்க்குத்தான் கொட்டோணும்" என்பாள் மரத்திடம். "பருப்பு சோத்தைப் போயி நாய்க்கா?" என்பார் அவர், அதே மரத்திடம். குழாயடிக்குப் போய்த் திரும்பி வரும்போது போசி கழுவி வைத்திருக்கும். இன்றைக்கு யார் கழுவுவார்? சீ, இதென்ன நினைப்பு. நேற்று மகன் பூபதி திருப்பூரிலிருந்து போன் பண்ணியது நெஞ்சில் முள்ளாக நின்றது. "அம்மா, நாளைக்கு முடிச்சுட்டு வா. ஜட்ஜம்மா புதுசு, பழைய கேசையெல்லாம் தீர்த்துக்கட்டறாங்க. யுவராசு சமாதான மனு தயார் பண்ணிட்டான். பாறையில ஆளுக்குப் பாதி, ரெண்டு பாதியும் கல்லுடைக்கற கம்பெனிக்கு. சித்தப்பன் கையெழுத்தே போட்டுட்டாரு. நீ ஒருத்திதான் பாக்கி." யுவராசு சென்னியப்பனின் மகன். பெற்றவர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, மகன்கள் இரண்டு பேரும் வாட்சாப்பில் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். போட்டிருப்பாரா? போட்டிருந்தால் அவர் ஏன் பஸ்ஸில் ஏறப் போகிறார், எந்த முகத்தோடு ஏறுவார்?

அந்தப் பாறையைப் பார்க்காதவர்களுக்கு இது என்ன இழவு வழக்கு என்றுதான் தோன்றும். இரண்டு பேருடைய புன்செய்க் காட்டுக்கும் நடுவில், எருமைக்கூட்டம் படுத்திருப்பதுபோல, மேலே வழவழவென்று, ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அகலத்துக்குக் கிடக்கும் கருங்கல். மழை பெய்தால் நடுக்குழியில் தண்ணீர் நின்று மாசி வரைக்கும் குருவிகள் குளிக்கும். அதுதான் இரண்டு குடும்பத்துக்கும் களம். சோளமோ கொள்ளோ ஆமணக்கோ, எது விளைந்தாலும் அங்கேதான் காயும். அவள் கல்யாணமாகி வந்த வருஷம், காயப்போட்ட ஆமணக்குக் காய்கள் வெயிலில் படீர் படீரென்று வெடித்து முகத்தில் தெறிக்க, பயந்து கத்தினாள். பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து சென்னியப்பன், அப்போது மீசை முளைக்காத பயல், விழுந்து விழுந்து சிரித்தான். பயல் என்று இப்போது நினைப்பதே தப்பு, எழுபதை நெருங்குகிற மனிதர். மாமனாரும் அவர் தம்பியும் காட்டைப் பிரித்துக்கொண்டபோது பாறையை மட்டும் பிரிக்கவில்லை. நடுவில் கிழக்கு மேற்காகச் சாம்பலால் ஒரு கோடு. ஒரு வருஷம் தென்பாதி இவர்களுக்கு, மறு வருஷம் அவர்களுக்கு. வடபாதியின் ஓரத்தில் வெள்வேல மரம் நிற்பதால் சாயங்காலம் சீக்கிரம் நிழல் விழுந்துவிடும்; தென்பாதி அடுப்பு மாதிரி காயும். அதனால்தான் மாற்றி மாற்றி. யாரும் எழுதி வைக்கவில்லை. நாச்சிமுத்து போனபிறகு கல்குவாரிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சிவப்புப் பெயிண்டால் பாறை மேல் நம்பர் போட்டார்கள், வெள்ளாடு வாங்குகிறவன் முதுகில் குறி போடுவதுபோல. "உங்க கொழுந்தனார் ஒத்துக்கிட்டாருங்க" என்றார்கள். அவ்வளவுதான், மறுநாளே வக்கீல் தெய்வசிகாமணி வீட்டு வாசலில் போய் நின்றாள், பாறை முழுக்கத் தன்னுடையது என்று வழக்குப் போட்டாள், ஸ்டே வாங்கினாள். வழக்கு முடிகிறவரைக்கும் எவனும் பாறையை உடைக்கவோ விற்கவோ கூடாது. அவர் பதிலுக்கு முழுக்கத் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் அவரிடமும் போய், "உங்க அண்ணியார் ஒத்துக்கிட்டாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்ற விஷயம் பாய் வழியாக இவள் காதுக்கு வந்தபோது வழக்கு நன்றாக வேர் பிடித்துவிட்டது. அன்றைக்கே போய் வாபஸ் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில் பக்கத்திலிருந்த கரட்டுப்பாளையத்துப் பாறையை உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். வெடி போட்டால் இவள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே பேசிக்கொள்ளும். சுவரில் விரிசல், கிணற்றில் தூள். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே பாறை இல்லை. பச்சைத் தண்ணீர் நிற்கிற பெரிய குழி, சுற்றிலும் முள்கம்பி, இறங்காதே என்று ஒரு பலகை. அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவளுக்கு மூன்று வேளையும் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் புத்தியில் பட்டது. பாறை பொது என்று உண்மையைச் சொன்னால் கோர்ட்டு பாதி பாதியாக வெட்டிக் கொடுத்துவிடும். வெட்டிக் கொடுத்தால் பாதியை எவனாவது விற்பான், பாதியில் போட்ட வெடி மறுபாதியை விட்டுவைக்குமா? பொய் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் பாறை இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வக்கீலிடம்கூட. நாச்சிமுத்து இருந்தால் அவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள், அந்த மனிதர் கள்ளங்கபடு தெரியாதவர், டீக்கடையில் உளறிவிடுவார்.

சென்னியப்பனுக்குத் தெரியுமா? இதுதான் இத்தனை வருஷமாக அவளைப் போட்டு அரிக்கிற கேள்வி. நிஜமாகவே பாறை முழுக்க வேண்டுமென்று வழக்காடுகிறாரா, இல்லை அவரும் இவளைப் போலத்தானா? ஒரே ஒருதரம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. கோர்ட்டிலிருந்து கமிஷனர் என்று ஒரு இளவட்ட வக்கீலைப் பாறையைப் பார்க்க அனுப்பினார்கள், யார் கையில் இருக்கிறதென்று எழுதி வர. அவர் வருகிற தேதி இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் கொள்ளு அறுத்தாயிற்று, மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது, கமிஷனர் வருகிறாரென்று வெயில் நிற்குமா? இவள் கொள்ளு இந்தப் பக்கம், அவர் கொள்ளு அந்தப் பக்கம், நடுவில் பட்டப்பகலில் சாம்பல் கோடு. கமிஷனர் வந்து இரண்டு பேர் வீட்டு மோரையும் குடித்துவிட்டு, "இதெல்லாம் யாரோட தானியம்?" என்றார். "அம்புட்டும் என்னுதுங்க" என்றாள் இவள். "அம்புட்டும் என்னுதுங்க" என்றார் அவர். கமிஷனர் பேனாவைக் கடித்தார். "நடுவுல இது என்ன கோடு?" இவள் வாய் தன்பாட்டுக்கு, "எறும்புக்குப் போட்டதுங்க" என்றது. அதே நொடியில், அதே சொல்லை, அந்தப் பக்கத்திலிருந்து அவரும் சொன்னார். எறும்புக்குப் போட்டதுங்க. இரண்டு குரலும் சேர்ந்து, கோயிலில் தேவாரம் படிக்கிற மாதிரி. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, குனிந்து கொள்ளைக் கிளறிக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. வெயிலில் சிவந்ததா? எத்தனையோ தரம் யோசித்துவிட்டாள். எறும்புக்குச் சாம்பல் போடுவது வழக்கம்தான், எவர் வாயிலும் வரக்கூடியதுதான். அவர் பாதி என்று ஒத்துக்கொண்டால் அவருக்கும் நஷ்டம்தானே, அதற்காகச் சொல்லியிருக்கலாம். இல்லை, இல்லை, காது சிவந்திருந்தது. காது சிவந்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நம்பலாமா? நம்பித்தானே ஒவ்வொரு வருஷமும் கோடு போட்டாள். வழக்கு ஒருபக்கம் நடக்க, தை பிறந்தால் சாம்பல் கூடையோடு போய் நிற்பாள். மேற்கு முனையில் அவர் நிற்பார், இவள் கிழக்கிலிருந்து போட்டுக்கொண்டே போவாள், கோடு கோணினால் அவர் ஒரு காக்காயைப் பார்த்து, "தெக்கால இழுக்குது" என்பார். அதிலிருந்து இன்னொரு பயமும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒன்றென்றால் வழக்கு யுவராசு கைக்குப் போகும், தனக்கு ஒன்றென்றால் பூபதி கைக்கு. இரண்டு பயல்களும் மறுநாளே பாறையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பிரதிவாதி நன்றாக இருக்க வேண்டும். தன் விரோதிக்கு நூறு வயசு கொடு என்று சிவன்மலை முருகனிடம் வேண்டிக்கொள்கிற வாதி இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முருகனும் குழம்பித்தான் போயிருப்பான்.

வக்கீல் தெய்வசிகாமணி கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். இந்த வழக்கு ஆரம்பித்தபோது அவருக்குத் தலை நிறைய முடி. "அம்மா, மனு உள்ள போயிருச்சு. அவர் கையெழுத்து இருக்குது, நானே பார்த்தேன். நீங்க போடலீன்னாலும், அந்தக் கமிஷனர் ரிப்போர்ட்டை வெச்சே ஜட்ஜம்மா பாதி பாதின்னு முடிச்சுருவாங்க. யோசிச்சுக்குங்க" என்றார். நானே பார்த்தேன். அந்த வார்த்தை காதுக்குள்ளேயே சுற்றியது. புங்கம்பூ ஒன்று காப்பி டம்ளருக்குள் விழுந்து மிதந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டாரா. அப்படியானால் சாம்பல் கோடு? தெக்கால இழுக்குது என்றது? பருப்பு சோறு? எல்லாம் சும்மாவா? இத்தனை காலமும் தான் ஒருத்தியாகத்தான் பாறையைத் தாங்கிக்கொண்டு நின்றோமா, பக்கத்தில் ஒரு ஆள் தோள் கொடுக்கிறது என்று நினைத்தது வெறும் பிரமையா? அழுகை வரப் பார்த்தது, கோர்ட்டு வாசலில் அழுதால் ஜீவனாம்ச வழக்கு என்று நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள். வெள்ளைக் கார் ஒன்று கேட்டுக்குள் நுழைந்து புங்கமரத்து நிழலில் நின்றது. யுவராசு இறங்கினான், கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தான், "பெரீம்மா, நல்லாருக்கீங்களா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மறுபக்கக் கதவு திறந்தது. முதலில் துணி சுற்றிய கால் இறங்கியது. விரல் இருக்கிறது. அவளுக்கு ஒரு நிம்மதி, அதற்கு மேல் ஒரு கோபம், விரல் இருக்கிற மனிதருக்குக் கார் என்ன வேண்டிக்கிடக்கிறது. சென்னியப்பன் மெதுவாக நிமிர்ந்தார், பெஞ்சைப் பார்த்தார், தன்னுடைய முனையைப் பார்த்தார், ஆனால் உட்கார வரவில்லை. மகன் கையைப் பிடித்துப் படியேற்றி உள்ளே கூட்டிப்போய்விட்டான். மரத்திடம்கூட ஒரு வார்த்தை இல்லை.

டபேதார் கூப்பிட்டான், "பாவாத்தாள்... சென்னியப்பன்..." இரண்டு பேரையும் இந்த வரிசையில் சேர்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது ஒரே பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. உள்ளே மின்விசிறி கடகடத்தது. ஜட்ஜம்மாவுக்குப் பூபதி வயசுதான் இருக்கும். கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "பிரதிவாதி சமாதான மனுவில கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க போடலை. ஏம்மா?" ஜட்ஜம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காகிதக் கட்டைப் புரட்டி ஒரு தாளில் விரலை வைத்தார். "கமிஷனர் ரிப்போர்ட்டைப் படிச்சேன். பாறை நடுவுல ஒரு சாம்பல் கோடு, ரெண்டு பக்கமும் தானியம். நீங்க ரெண்டு பேருமே பாதிப் பாதியா அனுபவிச்சுட்டுத்தானே வர்றீங்க? அப்படின்னா பாதியாப் பிரிக்கறதுல என்ன கஷ்டம்? பெரியவரே, நீங்க சொல்லுங்க. அந்தக் கோடு எதுக்கு?" பாவாத்தாள் சென்னியப்பன் காதைப் பார்த்தாள். நரைத்த முடி முளைத்த, தொங்கிப்போன காது. சொல்லிவிடுவார். பாதிக்குப் போட்ட கோடு என்று ஒரு வார்த்தை, அது நிஜம், நிஜத்தைச் சொல்வதற்கு யாரைக் குறை சொல்ல முடியும். சொன்னதும் சிவப்புப் பெயிண்டு வரும், துளை போடுகிற மெஷின் வரும், நடுக்குழித் தண்ணீரில் குளிக்கிற குருவிகள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அலமாரியில் டம்ளர்கள் பேச ஆரம்பிக்கும், அறுவடை முடிந்து முதுகைச் சாய்த்தால் பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டை இடுப்புக்குக் கொடுக்குமே அந்தக் கல், அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் தெற்கு. கையில் இன்னும் சாம்பல் ஒட்டியிருப்பதுபோல விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"எறும்புக்குப் போட்டதுங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். காது சிவந்துகொண்டு வந்தது, ஓரத்திலிருந்து உள்ளே, நன்றாகச் சிவந்தது. இங்கே வெயில் இல்லை. பாவாத்தாள் முன்னாலிருந்த மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்தக் கையெழுத்து?" என்றார் ஜட்ஜம்மா.

"என்னுதுதானுங்க. சோத்துல கை வெச்சுட்டு உக்காந்திருக்கறப்ப பையன் கொண்டாந்து நீட்டுனானுங்க. போட்டாத்தான் கொழம்பு வரும்போல இருந்துச்சு, போட்டனுங்க. பஸ்ஸுல போனா அந்தம்மா மனசைக் கலைச்சுருவாங்கன்னு இன்னைக்கிக் கார்ல வேற அடைச்சுக் கூட்டியாந்தானுங்க. ஆனா பாறை முழுக்க என்னுதுங்க. அந்தம்மாளுக்கு அதுல ஒரு சாண் கெடையாதுங்க."

அவள் வாழ்நாளில் எத்தனையோ பேர் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். சமையலைச் சொல்லியிருக்கிறார்கள், பொறுமையைச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு இனிப்பாக யாரும் எதையும் சொன்னதில்லை. ஒரு சாண் கிடையாது. எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது அவளுக்கு, கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படியாக.

"பொய்யிங்க! முழுக்க என்னுதுங்க! அவருக்குத்தான் ஒரு சாண் இல்லீங்க!"

"என்ற பக்கம் ஊரே சாட்சிங்க" என்றார் சென்னியப்பன்.

"அதே ஊரு என்ற பக்கமும் சாட்சிங்க" என்றாள் பாவாத்தாள்.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனு தள்ளுபடியாயிற்று. கோடை லீவு முடிந்து விசாரணை, சாட்சிகளைக் கூட்டி வாருங்கள், அதுவரைக்கும் தடை அப்படியே இருக்கும் என்று சொல்லி அடுத்த கட்டை எடுத்துவிட்டார். ஊரே சாட்சி என்றால் ஊரை ஒவ்வொருத்தராகக் கூண்டில் ஏற்றி இறக்க எத்தனை கோடை போகுமோ. வெளியே வந்தபோது யுவராசு காரை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அப்பனை ஏற்றிக்கொள்ளாமலே கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். பெஞ்சில் இந்த முனையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதிக்குமேல் அப்படியே வைத்து நடுவில் தள்ளினாள். மரத்திடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயடிக்குப் போய்விட்டு வந்தபோது போசி கழுவிக் கவிழ்த்திருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. இளநீர்க்காரன் தன் குலைகளுக்கடியில் தூங்கிவிட்டான், வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. தகரக் கூரை நிழலில் ஒரு ஓரம் அவள் நின்றாள், மறு ஓரம் சென்னியப்பன் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றார். அவர் எதையோ சொல்ல வந்து, யாரிடம் சொல்வதென்று சுற்றுமுற்றும் தேடுவது தெரிந்தது. இளநீர்க்காரனைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் பார்த்தார், அதில் இருந்த ஆளும் உதவமாட்டார் என்று பட்டிருக்க வேண்டும். பிறகு திரும்பினார்.

"நங்கையா" என்றார்.

அண்ணன் பெண்டாட்டியை முறை சொல்லிக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. கண் நிறைந்துவிட்டது, இந்தத் தடவை அடக்கவில்லை. பதில் சொல்ல அவளும் ஒரு ஆளைத் தேடினாள், பழக்கதோஷம். ஒருவரும் இல்லை.

"சொல்லுங்க" என்றாள், நேராக அவரைப் பார்த்து.

"இந்த வருசம் தெக்கால பாதி யாருதுங்க?"

அவருக்குத் தெரியாததா. போன வருஷம் தென்பாதியில் அவருடைய சோளம் காய்ந்தது, அப்படியானால் இந்த வருஷம் யாருடையது என்று அவருக்கென்ன, அந்த வெள்வேல மரத்துக்கே தெரியும். கால் புண்ணோடு நிற்கிற மனிதர், நிழல் விழுவதற்குள் வாரி எடுக்க முடியாமல் திண்டாடுவார், இந்த ஒருதரம் உங்களுடையதுதான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய்வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னுதுங்க. ஒரு சாண்கூட உட மாட்டேன்."

சென்னியப்பன் தலையை மெல்ல ஆட்டினார். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"உட்ராதீங்க நங்கையா" என்றார். "உட்ராதீங்க."